மொதல்ல மெஷினுக்குப் பூசை, பொறவு ஆளுகிட்ட ரோசனை

வா அப்புனு, இப்படி உக்காரு. அந்தக் கார்டைக் குடு பாப்போம். ஏயப்பா, பேரை விடப் பதவி நீளமா இருக்குது! டிஜிட்டல், ஆட்டோமேஷன், எர்கோனாமிக்ஸ்னு மூணு வேலையையும் உன்ற ஒருத்தன் தலையில கட்டியிருக்காங்க. மூணுக்கும் சேத்து ஒரே சம்பளந்தானே? அங்கயே தெரியுது, உங்க மொதலாளிக்கு ஆட்டோமேஷன் நல்லாப் புரிஞ்சுபோச்சுன்னு.

நான் நூல் மில்லுல நூல் நெறைஞ்ச காப்பைப் பறிக்கற டாஃபராச் சேந்து, அறுந்த இழையை ஒட்டற சைடராகி, மேஸ்திரிகிட்டத் திட்டு வாங்கியே தலை நரைச்சவன். எனக்கு எர்கோனாமிக்ஸ் தெரியாது, இடுப்பு வலி தெரியும். ரெண்டும் ஒரே சப்ஜெக்ட்டுதான்னு நீ காலேஜுல படிக்கறப்பச் சொன்னே. அந்த உரிமையில நாலு ரோசனை சொல்றேன், கேட்டுக்கோ. பிடிக்கலைன்னா கெழவன் உளறுனான்னு விட்டுப்போடு.

மொத ரோசனை, மெஷின்ல நிக்கறவங்ககிட்ட ஒண்ணும் கேட்டுப்போடாதே. கேட்டா என்ன வெனைன்னா, பதில் சொல்லிப்போடுவாங்க. அந்தப் பதிலை எங்க கொண்டுபோய் வெப்பே? நீ போர்டு மீட்டிங்குல காட்டற படத்துல அதுக்கு எடம் இருக்காது.

உங்க மில்லுலயே ஒரு சைடர் அம்மிணி. அஞ்சடிக்கு ஒரு விரல்கடை கம்மி. ரிங் ஃபிரேம் மேல கிரீல்ல சிம்ப்ளக்ஸ் பாபின் தொங்குமல்லோ, அதுல மேல் வரிசை அந்தப் புள்ளைக்கு எட்டாது. பாபின் தீந்துபோனா எக்கி, கால் பெருவிரல்ல நின்னு, காலிப் பாபினைக் கழட்டி, ரெண்டு கிலோ கிட்ட இருக்கற புதுசை ஒத்தைக் கையில ஏந்தி மாட்டோணும். ஒரு ஷிப்ட்டுக்கு எத்தனை தடவைன்னு நீயே போய் எண்ணிக்கோ. அந்தப் புள்ளை யாரையும் கேக்கலை. ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவுத்துப் போட்டு, மேல ஒரு சாக்கை மடிச்சு விரிச்சு, அதும்மேல ஏறி நின்னு மாட்டுச்சு. வேலை முடிஞ்சதும் கால்லயே நவத்தி ஃபிரேம் கடைசிக்குத் தள்ளிரும். தோள்பட்டை வலி போச்சு. செலவு ஒத்தைப் பைசா இல்லை.

அப்பத்தான் எடம் ஒழுங்கா இருக்குதான்னு பாக்கற 5எஸ் ஆடிட் வந்துச்சு. வந்த தம்பி கிரேட்டைப் பாத்தான். மஞ்சக் கோட்டுக்கு வெளிய ஒரு பொருள்! செவப்புச் சீட்டு ஒட்டிக் குடோனுக்கு அனுப்பிப்போட்டான். மறுவாரம் நோட்டீஸ் போர்டுல அந்த டிபார்ட்மென்ட்டுக்கு ஒழுங்குக்கான சுழல் கோப்பை குடுத்த போட்டோ. போட்டோவுல அந்தப் புள்ளையும் நிக்குது, ஒரு கையில தோளைப் புடிச்சுக்கிட்டு. ஆடிட் தம்பி கெட்டவன் இல்லை, கண்ணு. அவன்கிட்ட இருந்த பாரத்துல "இது ஏன் இங்க இருக்குது"ன்னு கேக்க ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

நான் மெஷினுக்கு எதிரின்னு நெனைச்சுக்காதே. ப்ளோ ரூமுல நூத்தியெழுவது கிலோ பேலைப் பிரிச்சு, கையாலயே பஞ்சைப் பிச்சுப் போட்டவங்களை நான் பாத்திருக்கேன். பஞ்சுத் தூசி நெஞ்சுல எறங்கி, திங்கக்கெழமையானா மூச்சு வாங்கும். ஞாயித்துக்கெழமை லீவு முடிஞ்சு வந்த மொத நாள்தான் அதிகமா இறுக்கும், அதுதான் அந்த நோயோட கொணம்னு ஈ.எஸ்.ஐ. டாக்டர் சொல்லுவாரு. இப்ப ப்ளக்கர் மெஷின் மேல ஓடியே பஞ்சை எடுத்துக்குது. அது வந்தன்னைக்கு எல்லாரையும் விடப் பெரிய கற்பூரம் ஏத்துனவன் நான். ஆட்டோ டாஃபிங் வந்தப்பவும் அப்படித்தான். ஃபிரேம் பூராவும் காப்பு ஒரே தூக்குல வந்துருது. எங்க காலத்துல ரெண்டு கையாலயும் பறிச்சுப் பறிச்சு மணிக்கட்டே மரத்துப்போகும்.

மெஷின் எதை எடுத்துக்குது, எதை விட்டுட்டுப் போகுது, அதைப் பாரு. நீ போன தீவாளிக்கு வந்தப்பத் திண்ணையில ஒரு கட்டுரை விட்டுட்டுப் போனியே, லிசான் பெயின்பிரிட்ஜுன்னு ஒரு அம்மா 1983-ல எழுதுனது. பேரன் படிக்காததை அப்புச்சி படிக்கட்டும்னு பக்கத்தூட்டு வாத்தியாரை வெச்சுப் படிச்சேன். மெஷின் பண்றவன் ஆளை நம்பறதில்லை, ஆனா தன்னால மெஷினுக்குச் சொல்லித்தர முடியாத வேலையை மட்டும் அதே ஆள் தலையில போட்டுட்டுப் போறான்னு அந்தம்மா சொல்லுது. லண்டன்ல இருந்துக்கிட்டு எங்க ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டை எப்பப் பாத்துச்சோ! சொலபமா இருந்ததை மெஷின் எடுத்துக்கிச்சு. எக்கறது, குனியறது, ரோலர்ல சுத்துன பஞ்சை நோண்டறது, அறுந்த இழையைக் கண்ணு இடுங்கத் தேடி ஒட்டறது, இதெல்லாம் பழையபடி கைக்குத்தான்.

இப்ப உன்ற புராஜெக்ட்டுக்கு வருவோம். ஸ்பிண்டிலுக்கு ஸ்பிண்டில் சென்சார், இழை அறுந்தா வெளக்கு எரியும், சைடர் நேரா அங்க போனாப் போதும், சும்மா நடக்க வேண்டாம். நல்ல வெளக்குதான், நான் இல்லைங்கலை. எந்த ஸ்பிண்டில் திரும்பத் திரும்ப அறுக்குதுன்னு ஃபிட்டருக்கும் தெரிஞ்சுபோகும், டிராவலர் தேஞ்சதா வேற கோளாறான்னு அவன் பாத்துக்குவான். ஆனா அந்தப் புள்ளைங்களுக்கு மிச்சமான நடை எங்க போச்சுன்னு கேட்டியா? நான் சொல்றேன். நடை கொறைஞ்ச மறுமாசமே ஆளுக்கு ஃபிரேம் கூடிப்போச்சு. முன்னால ஒவ்வொரு சைடரும் தானா ஒரு சுத்துக் கணக்கு வெச்சிருந்தா, இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வாரதுக்குள்ள நாலு இழை, நடுவுல ஒரு மொடக்குத் தண்ணி. இப்ப வெளக்கு எங்க கூப்பிட்டாலும் ஓடோணும். ஓடறதைச் சூப்பர்வைசர் செல்லுல பாக்கறாரு.

இது நம்மூரு அக்கிரமம் மட்டுமில்லை. அமெரிக்காவுல அமேசான்காரன் 2012-ல கீவாங்கற ரோபோ கம்பெனியை 77.5 கோடி டாலர் குடுத்து வாங்குனான். குடோனுக்குள்ள ஆள் நடந்த காலம் போய், அலமாரியே ஆளைத் தேடி வர ஆரம்பிச்சுது. நல்ல காரியம்தானே? ஆனா நின்ன எடத்துலயே நின்னு, மேல எட்டி, கீழ குனிஞ்சு, நடக்கற நேரமெல்லாம் பொருள் எடுக்கற நேரமாப் போச்சு. ரோபோ இருக்கற குடோன்லதான் காயம் அதிகம்னு 2020-ல அங்கத்திப் பத்திரிகைக்காரங்க கம்பெனியோட பதிவேட்டை வெச்சே எழுதுனாங்க. அடுத்த வருசம் கலிஃபோர்னியாவுல சட்டமே போட்டாங்க, ஆள் ஒண்ணுக்குப் போக முடியாத மாதிரி குடோன்ல கோட்டா வெக்கக் கூடாதுன்னு. ஒண்ணுக்குப் போறதுக்கு ஒரு சட்டம், கண்ணு! ரோபோ வந்தாலும் மனுசனுக்கு மூத்திரப்பை அதே அளவுதான்னு சட்டசபையில ஓட்டெடுத்து முடிவு பண்ண வேண்டியிருக்குது.

அடுத்தது உன்ற கேமரா. ஆள் நிக்கற தோரணையைப் படம் புடிச்சு, கழுத்து எத்தனை டிகிரி, முழங்கை எத்தனை டிகிரின்னு பச்சை, மஞ்சள், செவப்புப் போடுமாமா. ரூலாங்கற கணக்குத்தானே அது? 1993-ல நாட்டிங்ஹாம்ல மெக்அட்டாம்னி, கார்லெட்னு ரெண்டு பேரு போட்டது. அவங்க அதைப் பழகுனதே துணி தைக்கற எடத்துலதான், வெட்டறவங்க, தைக்கறவங்க, பிசிறு கத்திரிக்கறவங்களையெல்லாம் பாத்து. திருப்பூருக்காரன் பெருமைப்பட்டுக்கலாம். சரி, கேமரா சொல்லிருச்சு, இந்தப் பொண்ணு கழுத்தை ரொம்ப வளைக்குது, செவப்புன்னு. ஏன் வளைக்குது? கேமராவுக்குத் தெரியாது. டியூப் லைட்டு அவ முதுகுக்குப் பின்னால இருக்குது, அவ நெழலு அவ வேலை மேலயே விழுகுது. லைட்டை ரெண்டடி நவத்துனாப் போதும். இதைச் சொல்றதுக்கு அவளுக்கு அரை நிமிசம் ஆகும். நீ கேக்கலைன்னா மூணு மாசம் டேட்டா எடுத்து, அவளைக் கழுத்துப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புவே.

கேக்காம இருந்தாக் கெட்ட பேரு வருமேன்னு பயந்தீன்னா, ஒருத்தரும் பதில் சொல்லாத மாதிரி கேக்கறதுக்கும் வழி இருக்குது. கேன்டீன் செவுத்துல ஒரு க்யூஆர் கோடு ஒட்டு, "உங்கள் கருத்தே எங்கள் வளர்ச்சி"ன்னு எழுதி. ஸ்கேன் பண்ண வேண்டிய செல்லை கேட்டுலயே லாக்கர்ல வாங்கி வெச்சுக்கறாங்கங்கறது செக்யூரிட்டி டிபார்ட்மென்ட் விசயம், உனக்கெதுக்கு? பாரத்தை இங்கிலீஷுலயும் செந்தமிழ்லயும் அடி. ராத்திரி ஷிப்ட்டுல பாதிப் பேரு ஒடிசா, பீகார்க்காரங்க. அவங்க ஒண்ணும் எழுத மாட்டாங்க, நீயும் "தொழிலாளர்களிடம் குறை ஏதும் இல்லை"ன்னு நெஞ்சறிஞ்சு எழுதிக்கலாம். மார்ச் 4-ஆம் தேதி பாதுகாப்பு தினத்துக்கு உறுதிமொழி எடுக்க வெச்சு, கவிதைப் போட்டி நடத்தி, டிஃபன் பாக்ஸ் பரிசு குடு. இடுப்பு வலியைப் பத்திக் கவிதை எழுதுனவனுக்கு ஆறுதல் பரிசு.

கமிட்டியும் வெக்கலாம். போபால் விசவாயு வெபத்து நடந்த பொறவு 1987-ல ஃபேக்டரி சட்டத்துல 41-ஜின்னு ஒரு பிரிவு சேத்தாங்க. ஆபத்தான தொழில் நடக்கற எடத்துல பாதுகாப்புக் கமிட்டி வேணும், அதுல தொழிலாளியும் நிர்வாகமும் சரிபாதி இருக்கோணும்னு. சரிபாதிங்கறது நாற்காலிக்குத்தான், பேச்சுக்கில்லைன்னு நம்மாளுங்க அர்த்தம் பண்ணிக்கிட்டாங்க. நாற்காலின்னதும் ஞாபகம் வருது. நின்னுக்கிட்டே வேலை செய்யறவங்க சித்த ஓய்வு கெடைச்சா உக்கார வசதி பண்ணியிருக்கோணும்னு 1948 ஃபேக்டரி சட்டத்துலயே 44-ஆவது பிரிவுல இருந்துச்சு. கடைகண்ணியில நிக்கற புள்ளைங்களுக்கு அதே உரிமையைக் குடுக்க நம்ம சட்டசபைக்கு 2021 வரைக்கும் ஆச்சு. ஒரு ஸ்டூலு எழுவத்திச் சொச்சம் வருசம் நடந்து வந்திருக்குது பாரு.

கேக்கறதுல இன்னொரு சூட்சுமம் நேரம். லேஅவுட் முடிஞ்சு, ஆர்டர் போட்டு, கன்டெய்னர் தூத்துக்குடியில எறங்கி, ஃபவுண்டேஷன் போல்ட்டு முறுக்கி, தேங்கா ஒடைச்சு, அதுக்கு மேல சைடர் புள்ளைங்களை வரிசையா நிக்க வெச்சு "உங்க ஆலோசனை என்னங்க"ன்னு கேளு. தாலி கட்டி முடிச்சுப் பந்தியில ரசம் ஊத்தறப்பப் பொண்ணைச் சம்மதமான்னு கேக்கற மாதிரி. தலையாட்டிப்போடும், வேற என்ன பண்ணும்?

ஜெர்மனிக்காரனுக்கு இந்தச் சூட்சுமமெல்லாம் தெரியலை பாவம். பவேரியாவுல டிங்கோல்ஃபிங்னு ஒரு ஊரு, பி.எம்.டபிள்யூ. ஃபேக்டரி. 2007-ல ஒரு கணக்குப் போட்டுப் பாத்தாங்க. பத்து வருசத்துல ஆளுங்க சராசரி வயசு நாப்பத்தேழுக்குப் போயிரும், அப்ப என்ன பண்றதுன்னு. வயசானவங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்குப் பதிலா, ஒரு கியர்பாக்ஸ் லைன்ல அந்தச் சராசரி வயசு வார மாதிரி 42 பேரை இப்பவே நிறுத்திப் பாத்தாங்க. மத்த லைன்காரன் "பென்ஷன்காரங்க லைன்"னு கேலி பண்ணுனான். அவங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, எங்க வலிக்குதுன்னு கேட்டாங்க. எந்த மாத்தம் மொதல்லங்கறதுக்கு அவங்களே ஓட்டுப் போட்டாங்க. கான்கிரீட்டுத் தரைக்கு மேல மரப்பலகை போட்டாங்க, முழங்காலுக்கு எதமா. சலூன் நாற்காலி மாதிரி ஏத்தி எறக்கற நாற்காலி. சின்னச் சாமானைப் பாக்கப் பூதக்கண்ணாடி. கம்ப்யூட்டர் திரையில எழுத்தைப் பெருசாக்குனாங்க. ஷிப்ட்டு நடுவுலயே வேலையை மாத்திக்கிட்டாங்க, ஒரே மூட்டுக்குத் தொடர்ந்து பாரம் விழாம. இப்படி எழுவது சில்லறை மாத்தம். சாமான் செலவு இருவதாயிரம் யூரோ சொச்சம், அவங்க தயாரிக்கற ஒரு காரோட வெலை கூட இருக்காது. ஒரு வருசத்துல உற்பத்தி 7 சதவீதம் கூடிப்போச்சு. கேலி பண்ணுன லைன்காரன் அப்பறம் என்ன பண்ணுனான்னு எனக்குச் செய்தி வரலை, பலகை மேல நின்னு பாக்க வந்திருப்பான்.

ஜெர்மனியில இன்னொரு சங்கடமும் இருக்குது, உனக்கு அங்க வேலை கெடைச்சாத் தெரிஞ்சு வெச்சுக்கோ. ஆளோட நடத்தையையோ வேலைத் திறனையோ கண்காணிக்கற மாதிரி ஒரு கருவி மாட்டோணும்னா, ஃபேக்டரியில தேர்ந்தெடுத்த தொழிலாளர் கவுன்சில் ஒத்துக்கோணும். 1972 சட்டம் அது. கம்ப்யூட்டர்னா ரூம் அளவு இருந்த காலத்துலயே எழுதி வெச்சுட்டாங்க. 2021-ல ஏ.ஐ.க்கும் சேத்துத் திருத்துனாங்க. அதை எடை போட கவுன்சில் வெளியிலிருந்து ஒரு வல்லுநரைக் கூட்டியாரலாம், செலவு மொதலாளியோடது. உன்ற கேமராவைக் கொண்டுபோய் அங்க மாட்டிப் பாரேன்.

கவுன்சில் இல்லாத ஊருல ஆளுங்க தங்களுக்குத் தெரிஞ்ச வழியில ஓட்டுப் போடுவாங்க. மெஷின் நின்னா டச் ஸ்கிரீன்ல காரணம் அமுக்கோணும்னு வெச்சிருப்பியல்லோ, பதினெட்டு இருவது காரணம், ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டு? பஞ்சு ஒட்டுன விரலுக்கு எது சிக்குதோ அது. இல்லைன்னா கடைசியில இருக்கற "இதர". உண்மையைச் சொன்னா மெமோ, "இதர"ன்னாக் கேள்வி இல்லைன்னு ஒரு வாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். மாசக் கடைசியில உன்ற திரையில அத்தனை தூணையும் விட ஒசந்து நிக்கும் "இதர". அதைக் காட்டி இன்னும் நுட்பமான சென்சார் வேணும்னு நீ பட்ஜெட் கேக்கலாம், மேல குடுத்துருவாங்க.

ஃப்ரீமான்ட்டுன்னு கலிஃபோர்னியாவுல ஒரு ஷெட்டு. அங்க ஜெனரல் மோட்டார்ஸ்காரன் கார் பண்ணுனான். ஆளு சரியில்லை, வேலைக்கு வாரதில்லை, சங்கத் தொல்லைன்னு 1982-ல இழுத்து மூடுனான். 1984-ல டொயோட்டாவோட கூட்டுச் சேந்து அதே ஷெட்டைத் தொறந்தாங்க. பெரும்பாலும் அதே ஆளுங்க, அதே சங்கம். புதுசா வந்தது, தலைக்கு மேல ஒரு கயிறு. கோளாறுன்னா யார் வேணும்னாலும் இழுக்கலாம், மேஸ்திரி ஓடி வருவாரு, தீரலைன்னா லைன் நிக்கும். "சரியில்லாத" ஆளுங்க நல்ல கார் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க. 2010-ல அந்தக் கூட்டு முடிஞ்சு ஷெட்டு டெஸ்லா கைக்குப் போச்சு. ரோபோவாக் கொண்டுவந்து எறக்குனாங்க. அந்தக் கம்பெனியில பேட்டரி மேல வெக்கற ஃபைபர்கிளாஸ் மெத்தை, பஞ்சாட்டம் இருக்குமாமா, அதை ரோபோ எடுத்து வெக்கோணும். எடுக்க வரலை. பஞ்சுன்னா இரும்புக் கையில நிக்குமா? அதை எடுக்கக் கையோட நடு விரலுக்குத் தெரியற ஒரு பதம் வேணும். அப்பறம் பாத்தா அந்த மெத்தையே தேவையில்லையாமா, ரோபோவோட சேத்து அதையும் தூக்கிப் போட்டாங்க. 2018-ல எலான் மஸ்க்கே எழுதுனாரு, அளவுக்கு மீறி ஆட்டோமேஷன் பண்ணுனது தன்னோட தப்பு, மனுசனைக் கொறைச்சு மதிப்புப் போட்டுட்டோம்னு. கயிறு தொங்குன அதே ஷெட்டைக் கையில வெச்சுக்கிட்டு! நம்மூரு டாஃபர் ஒருத்தன்கிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா, பஞ்சு விசயம் மட்டுமாவது இனாமாச் சொல்லியிருப்பான்.

மூஞ்சியைத் தொங்கப்போடாதே. புது ஃபிரேமுக்கு ஆர்டர் போட்டாச்சுங்கறே, சரி. ஃபிரேம் இன்னும் வந்து எறங்கலையல்லோ? ஸ்கிரீன் எங்க மாட்டறது, டிராலி எந்த வழி போறது, அதுல ஆளுக்கு எத்தனை ஃபிரேமுங்கறது இன்னும் உன்ற லேப்டாப்புக்குள்ளதானே இருக்குது? 1980-கள்ல ஸ்வீடன்ல அச்சாபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாரதுக்கு முன்னாலயே தொழிலாளிகளும் படிச்சவங்களும் சேந்து ஒரு வேலை பண்ணுனாங்க. வெறும் அட்டைப்பெட்டியை அடுக்கி, இதுதான் ஸ்கிரீன், இதுதான் லேசர் பிரிண்டர்னு எழுதி வெச்சு, அச்சுக் கோக்கறவங்களை அங்க நின்னு வேலை செய்யற மாதிரி செஞ்சு காட்டச் சொன்னாங்க. எது எட்டலை, எது மறைக்குதுன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. சரியில்லைன்னா பெட்டியை நவத்துனாப் போதும்.

உங்க குடோன்ல கோன் பேக்கிங் அட்டைப்பெட்டி மலையா இருக்குது. நாலு மூங்கிலும் பத்துப் பெட்டியும் எடுத்துக்கோ. கிரீல் ஒசரத்துக்குக் கட்டு, ஸ்கிரீன் ஒசரத்துக்குக் கட்டு. கட்டறப்ப மெஷின் கம்பெனி ட்ராயிங்கைப் பாக்காதே, அந்த அஞ்சடி அம்மிணியை நிக்க வெச்சுக் கட்டு. அவ கையில நெசப் பாபினைக் குடு, காலிப் பாபின் வேண்டாம், அதுல எல்லாம் சொலபமாத்தான் தெரியும். ஒடிசாப் பையன் ஒருத்தனையும் சேத்துக்கோ, அவன் பாஷை தெரிஞ்ச ஃபிட்டரைப் பக்கத்துல வெச்சுக்கோ. சூப்பர்வைசரை டீ குடிக்க அனுப்பிப்போடு, அவரு நிக்கற வரைக்கும் "எல்லாம் நல்லாருக்குதுங்க"தான் வரும். அவங்க வேண்டாம்னு சொன்னதை உன்ற ட்ராயிங்குல திருத்தி, மறுநாள் அவங்ககிட்டயே கொண்டுபோய்க் காட்டு. ஒண்ணைத் திருத்த முடியலைன்னா ஏன் முடியலைன்னு அவங்க மொகத்தைப் பாத்துச் சொல்லு. அது கொஞ்சம் கஷ்டம், பழகிரும்.

ஜெனரல் ஷிப்ட்டுல போகாதே, அப்ப எல்லாரும் சட்டையை இன் பண்ணிக்கிட்டுப் பேசுவாங்க. ராத்திரி ஷிப்ட்டுல, ரெண்டாவது டீ முடிஞ்ச நேரம் பாத்துப் போ. மேனேஜர் கேட்டா ஆப்பரேட்டர் டிரெயினிங்னு சொல்லிக்கோ, யாருக்கு யாரு டிரெயினிங் குடுத்தாங்கன்னு அவரு விசாரிக்க மாட்டாரு. அந்தக் கிரேட்டைக் குடோன்ல இருந்து எடுத்துட்டு வர கேட் பாஸ் போட மறந்துறாதே. வேலை முடிஞ்சதும் அந்த அம்மிணி பேருல ஒரு பில்லுப் போடு. நீ போன மாசம் பெங்களூர்ல இருந்து கூட்டியாந்த ஆலோசகருக்குக் குடுத்ததுல பாதி போதும், தலைப்பு "கன்சல்டன்சி சார்ஜ்". அக்கவுண்ட்ஸுல என்ன சொல்றாங்கன்னு எனக்கு வந்து சொல்லு.